கஸனிஜ்: ஷேக்ஸ்பியர் காலத்துச் சொல்லை இப்படியும் படிக்கலாம்

எம்.ஏ. ஆங்கில இலக்கியத்துக்கோ நெட் தேர்வுக்கோ படிக்கிறவர்களுக்கு எலிசபெத் காலத்துச் சொற்கள்தான் பெரிய தலைவலி. 'கஸனிஜ் (cozenage) என்றால் ஏமாற்று வேலை' என்று கைடுகள் ஒரே வரியில் முடித்துவிடும். அதை மட்டும் மனப்பாடம் செய்தால் தேர்வறையில் நினைவுக்கு வராது. நான் படித்த விதத்தைச் சொல்கிறேன்.

முதலில் சொல் வரும் இடத்துக்குப் போங்கள். ஷேக்ஸ்பியரின் 'தி காமெடி ஆஃப் எரர்ஸ்' நாடகம், முதல் அங்கம், இரண்டாம் காட்சி. எபெஸஸ் நகருக்கு வந்த ஆன்டிஃபோலஸ், வேலைக்காரனிடம் பணத்தைக் கொடுத்து விடுதிக்கு அனுப்புகிறான். பிறகு எதிரே வருவது அந்த வேலைக்காரனின் இரட்டைச் சகோதரன். பணமா, எந்தப் பணம் என்கிறான் அவன். இந்த ஊரே கஸனிஜ் நிறைந்தது என்கிறார்களே என்று ஆன்டிஃபோலஸுக்கு பயம் வந்துவிடுகிறது. கண்கட்டு வித்தைக்காரர்கள், மனதை மாற்றும் மந்திரவாதிகள், சூனியக்காரிகள், வேஷம் போட்ட எத்தர்கள் என்று அவனே அடுக்குகிறான். அந்த வரிகளை வாய்விட்டுப் படியுங்கள். சொல்லின் வீச்சு பிடிபடும்.

அப்புறம் வேர். இதன் வினைச்சொல் கஸன். உறவினரைக் குறிக்கும் கஸினும் இதுவும் ஒலியில் ஒன்றுதான். ஆதாயத்துக்காக உறவு கொண்டாடுவதைக் குறித்த பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது என்பது ஒரு கருத்து; காட்கிரேவின் 1611 பிரெஞ்சு-ஆங்கில அகராதியில் அந்தப் பொருள் இருக்கிறது. குதிரைத் தரகரைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது என்பது இன்னொன்று. எதுவும் முடிவாகவில்லை. ஆகவே விடையில் 'கருதப்படுகிறது' என்றே எழுதுங்கள், இரண்டையும் எழுதுங்கள்.

எனக்கு முதல் கருத்துதான் மனதில் ஒட்டியது. காரணம், ஷேக்ஸ்பியர் காலத்து எழுத்தாளர் ராபர்ட் கிரீன் 1591-இல் லண்டன் சீட்டாட்ட மோசடி பற்றி எழுதிய சிறுநூல். அதன் தலைப்பிலேயே இந்தச் சொல் இருக்கிறது. கிராமத்திலிருந்து வரும் விவசாயியிடம் ஒருவன் நயமாகப் பேசி பேரையும் ஊரையும் கறந்துகொள்வான். கொஞ்ச தூரத்தில் அவன் கூட்டாளி எதிரே வந்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, 'நம்ம பக்கத்து ஆட்கள் எல்லாம் சௌக்கியமா?' என்பான். அப்படியே மதுக்கடை, சீட்டுக்கட்டு, காலிப் பை. ஏமாறுகிறவனுக்கு அவர்கள் வைத்த பேர் முயல். கோனி கேட்சிங் என்ற தொடர் பாடத்தில் வந்தால் அது இந்த முயல் பிடிப்புதான். கஸனிஜ், கோனி கேட்சிங் இரண்டையும் ஒரே பக்கத்தில் குறித்து வையுங்கள்.