சாவியை வாங்கியிருக்கலாமோ

“சார், இந்தச் சாவிய நீங்க வச்சுக்கங்க. எங்கிட்ட இருந்தா வந்து கேப்பாங்க, என்னால இல்லேன்னு சொல்ல முடியாது.”

கண்மாய்த் தண்ணியை வயல்களுக்குத் திறந்துவிடும் நீர்க்கட்டி ஐயா இதைச் சொன்னபோது மடை ஷட்டர் சாவியைத் துண்டில் சுற்றிக் கையோடு கொண்டுவந்திருந்தார். துண்டெல்லாம் கிரீஸ் ஊறியிருந்தது. நான் வாங்கவில்லை. “ஊர் கூடி எடுத்த முடிவுய்யா, ஊரே காப்பாத்தட்டும்” என்றேன்.

அந்த முடிவுக்காக மூன்று கூட்டம் போட்டிருந்தோம். கண்மாயில் இருந்தது கடைசித் தண்ணி. ஏக்கருக்கு ஒரு மணி நேரம், கடைசியில் தண்ணி போய்ச் சேரும் கடைமடையிலிருந்து ஆரம்பிப்பது என்று பேசி எல்லாரும் கையெழுத்தும் போட்டார்கள். மூன்றாம் நாள் ராத்திரி தலைமடை திறந்து கிடந்தது. கடைமடையில் பாதி வயல் இன்னும் பாக்கி. பால் பிடிக்கிற நேரத்தில் தண்ணி இல்லாமல் கதிரெல்லாம் பதராகிப் போனது.

திறந்தவர் கெட்ட மனுஷர் இல்லை. மறுநாள் கேட்டதற்கு, “நான் திறக்கலேன்னா வேற எவனாச்சும் திறந்திருப்பான் தம்பி” என்றார். உள்நாட்டுப் போர்க் காலத்தில் வாழ்ந்த இங்கிலாந்துத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் 1651இல் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: மனிதன் முந்திக்கொள்வது ஆசையால் மட்டுமில்லை, அடுத்தவன் முந்திவிடுவான் என்ற பயத்தாலும்தான், வாள் இல்லாத உடன்படிக்கை வெறும் சொல். படிக்கிற காலத்தில் எனக்கு அவரைப் பிடிக்கவே பிடிக்காது. நான் நம்பியது எலினோர் ஆஸ்ட்ரோமை. பொதுச் சொத்தை மக்களே காப்பாற்ற முடியும் என்று காட்டி 2009இல் பொருளாதார நோபல் வாங்கியவர். அந்த நம்பிக்கையில்தான் சாவியை வாங்கவில்லை, இப்போதும் அது முழுத் தப்பு என்று தோன்றவில்லை. எங்கள் திட்டம் முடிந்து நான் கிளம்பிவிட்டால் அடுத்த வருஷம் சாவி யாரிடம் இருக்கும்?

ஆனால் ஆஸ்ட்ரோம் சொன்னதிலேயே கண்காணிப்பும் படிப்படியான தண்டனையும் இருக்கின்றன. ஸ்பெயினில் வலென்சியாவில் வியாழக்கிழமைதோறும் தேவாலய வாசலில் தண்ணீர் நீதிமன்றம் கூடுகிறது, விவசாயிகளே தேர்ந்தெடுத்த விவசாயிகள்தான் நீதிபதிகள், அபராதமும் உண்டு. எங்கள் கூட்டத்திலும் ஒருவர் அபராதம் போடலாம் என்றார். முதலிலேயே மிரட்ட வேண்டாம் என்று தடுத்தது நான்தான்.

அதைவிட ஐயாவை நினைத்தால்தான் மனசு ஆறமாட்டேன் என்கிறது. சொந்தமாக நிலம் இல்லாதவர், யார் பக்கமும் சாயமாட்டார் என்றுதான் தலைமுறையாக அந்தக் குடும்பத்திடம் மடையை விட்டிருக்கிறார்கள். ஆனால் அவருக்குக் கூலி, அதே வயல்காரச் சம்சாரிகள் களத்தில் அளந்து போடும் நெல். ஹாப்ஸ் கேட்ட, வாள் ஏந்திய அதிகாரமும் ஒப்பந்தத்துக்கு வெளியேதான் நிற்கும், எல்லாரையும்விடப் பலத்தோடு. இவரும் வெளியேதான் நின்றார், எல்லாரையும்விட எளியவராக. அவர் என்னிடம் கேட்டது அந்தப் பலத்தைத்தானோ என்னவோ. எனக்கு அது அன்றைக்குப் புரியவில்லை, பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறார் என்றே நினைத்தேன்.

பழியும் அவர்மேல்தான் விழுந்தது. அந்த அறுவடையில் கடைமடைக்காரர்கள் அவருக்கு நெல் அளக்கவில்லை. அளக்க அவர்களிடமும் இல்லை.