ஒரே சிலேட்டுல ரெண்டு பேர் எண்ணினா

மூணு வாரமா த்ரெட் (ஒரே புரோகிராமுக்குள்ள ஒரே நேரத்துல தனித்தனியா ஓடுற வேல), லாக் (ஒரு நேரத்துல ஒரு த்ரெட்ட மட்டும் உள்ள விடுற பூட்டு)னு மண்டைய ஒடச்சிட்டு இருக்கேன். ஒர்க் ஃப்ரம் ஹோம்னு மன்னார்குடி பக்கம் ஊருக்கு வந்தது நல்லதா போச்சு, பாதி விஷயம் களத்துல தான் புரிஞ்சுது.

ஜாவால சின்னதா ஒரு புரோகிராம் எழுதினேன். ரெண்டு த்ரெட், ஒவ்வொண்ணும் ஒரே கவுன்ட்டர லட்சம் தடவ ஏத்தணும், அவ்ளோதான். 2,00,000 வரணும்ல? வந்தது 1,37,412. திரும்ப ஓட்டினா வேற நம்பர். உள்ள என்னதான் நடக்குதுன்னு பாக்க லூப்புக்குள்ள ஒரு பிரிண்ட் போட்டா தப்பு கிட்டத்தட்ட காணாமயே போயிடுச்சு, அந்த பிரிண்ட்டுக்குள்ளயே ஒரு லாக் இருக்கு, ரெண்டு த்ரெட்டும் அங்க வரிசைல நின்னு போறதால மோதிக்கிறது கொறஞ்சிருச்சுன்னு அப்புறம் தான் தெரிஞ்சுது. இந்த மாதிரி பக் தான் ஆளக் கொல்லும்.

அன்னிக்கு குறுவை நெல்லு மூட்ட ரெண்டு வண்டில ஏறிட்டு இருந்துச்சு. ஒரு வண்டிகிட்ட அப்பா "லாபம், ரெண்டு, மூணு"ன்னு எண்ணுறாரு, இன்னொண்ணுகிட்ட சித்தப்பா. ரெண்டு பேரும் ஒரே சிலேட்டுல எழுதினா? சிலேட்டுல 41 இருக்கு, ரெண்டு பேருமே அதப் பாக்குறாங்க, ரெண்டு பேருமே 42ன்னு எழுதுறாங்க. மூட்ட ரெண்டு, கணக்குல ஏறினது ஒண்ணு. கவுன்ட்டர்ல ஒண்ணு கூட்டுற ப்ளஸ் ப்ளஸ் (++) ஒரே வரி மாதிரி தெரிஞ்சாலும் உள்ள படி, கூட்டு, எழுதுன்னு மூணு வேல.

ஒரு நேரத்துல ஒரு த்ரெட் மட்டும் கவுன்ட்டர தொடுற மாதிரி சிங்க்ரனைஸ்டுன்னு ஜாவாவோட லாக்க போட்டேன், கணக்கு சரியா வந்துச்சு, ஆனா ஒத்த த்ரெட்ட விட லேட்டு! கம்ப்யூட்டர் டிசைனர் ஜீன் அம்தால் 1967லயே சொன்னது தான், பத்துல ஒரு பங்கு வேலய பிரிக்கவே முடியாதுன்னா எத்தன கோர் (ப்ராசஸருக்குள்ள தனித்தனியா வேல செய்ற பகுதி) போட்டாலும் பத்து மடங்குக்கு மேல வேகம் வராது. நாத்து பறிக்க ஒரே ஆளுன்னா நடவுக்கு எத்தன பேர் வந்தாலும் வரப்புல உக்காந்து வெத்தல போட வேண்டியது தான்.

"அவன் வண்டி அவன் கணக்கு, கடைசில கூட்டிக்க வேண்டியதுதானேடா"ன்னாரு அப்பா. ஜாவா 8ல வந்த லாங்ஆடர்ங்கற ரெடிமேட் கவுன்ட்டர் செய்றதும் இதான், மோதல் வந்தா த்ரெட்டுங்கள வேற வேற செல்லுக்கு (தனித்தனி சிலேட்டு மாதிரி) பிரிச்சு விட்டுட்டு, கேக்கும்போது கூட்டிக் குடுக்கும். ஆனா எல்லாம் ஓடிட்டு இருக்கும்போதே கேட்டா வர்ற நம்பர நம்ப முடியாது.

பாதில வண்டிக்காரர் "இதுவரைக்கும் எத்தன மூட்டண்ணே?"ன்னு கேட்டாரு. ரெண்டு பேருமே பதில் சொல்லல, "மொதல்ல ஏத்தி முடிப்பா"ன்னுட்டாரு சித்தப்பா.