துப்பாக்கி விளம்பரம் யாரைக் கூப்பிடுகிறது?

கலிபோர்னியாவில் விளம்பரச் சரிபார்ப்பு வேலை பார்க்கிறேன். ஒரு விளம்பரம் வெளியே போகும் முன், சட்டப்படி அது போகலாமா கூடாதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். மது, மருந்து, சூதாட்டம் என்று பழகிப்போன பட்டியலில் 2022 ஜூன் கடைசியில் துப்பாக்கியும் சேர்ந்தது. ஏபி 2571 என்ற கலிபோர்னியா மாநிலச் சட்டம், ஆளுநர் கையெழுத்திட்டதுமே அமலுக்கு வந்துவிட்டது. சிறுவர்களை ஈர்க்கும்படி துப்பாக்கி வியாபாரிகள் விளம்பரம் செய்யக்கூடாது. மீறல் ஒவ்வொன்றுக்கும் 25,000 டாலர் வரை அபராதம்.

அந்த ஆண்டு ஜனவரியில்தான் லாஸ் வேகாஸ் துப்பாக்கிக் கண்காட்சியில் ஜேஆர்-15 அறிமுகமாகியிருந்தது. ஏஆர்-15 என்ற அரைத் தானியங்கித் துப்பாக்கியின் சிறுவர் வடிவம். எடை ஒரு கிலோ சொச்சம்தான். அம்மா அப்பாவின் துப்பாக்கி மாதிரியே இருக்கும், அதே மாதிரி இயங்கும் என்று அதை விற்றார்கள். அதன் சின்னத்தில் மண்டையோடு, இரட்டைச் சடை, வாயில் குழந்தைகள் சப்பும் ரப்பர் நிப்பிள். அந்தப் படத்தைப் பார்த்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை. அமெரிக்காவில் 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களின் சாவுக்கு 2020இல் முதல் காரணமாக இருந்தது துப்பாக்கி.

இவ்வளவு வெளிப்படையாக இருந்தால் முடிவு சொல்வது சுலபம். தினமும் வருபவை அப்படி இருப்பதில்லை. இளஞ்சிவப்பு நிறத்தில் சின்னத் துப்பாக்கி: பெண்களுக்கா, பிள்ளைகளுக்கா? தோளில் வைக்கும் கட்டையின் நீளத்தைப் பார்ப்போம், பிடித்திருக்கும் கை யாருடையது என்று பார்ப்போம், கூடவே தொப்பியோ பொம்மையோ விற்கிறார்களா என்று பார்ப்போம். கார்ட்டூன் உருவம், சிறுவர் படம், சிறுவருக்கான அளவும் நிறமும், வெளியாகும் இடம் எல்லாம் சட்டத்திலேயே இருந்தன. ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர், சின்ன வயதில் அப்பாவுடன் மான் வேட்டைக்குப் போய் வளர்ந்தவர். பாதுகாப்பாகச் சுடக் கற்றுத்தரும் வகுப்புக்குக்கூட விளம்பரம் கூடாதா என்று கொதித்தார். நியாயமான கேள்விதான். அந்த செப்டம்பரிலேயே சட்டத்தைத் திருத்தி, பாதுகாப்புப் பயிற்சி, வேட்டை, போட்டி நிகழ்ச்சிகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள்.

அப்புறம் 2023 செப்டம்பரில் கலிபோர்னியாவும் அடங்கும் ஒன்பதாம் வட்டத்தின் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம், பேச்சுரிமைக்கு இந்தச் சட்டம் விரோதமாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று சொல்லிவிட்டது. பெரியவர்கள் துணையோடு சிறுவர்கள் துப்பாக்கியைச் சட்டப்படி பயன்படுத்தலாமே என்பது நீதிமன்றம் சொன்ன ஒரு காரணம். கலிபோர்னியாவில் ஒரு சிறுவனாவது சட்டத்தை மீறித் துப்பாக்கி வாங்கியதற்கு, அதுவும் விளம்பரத்தைப் பார்த்து வாங்கியதற்கு, அரசு ஆதாரம் காட்டவில்லை என்றும் நீதிபதி கென்னத் லீ எழுதினார். பேச்சுரிமையின் கனம் எனக்குத் தெரியும். ஆனால் பிள்ளை கடைக்குப் போய் வாங்குவதில்லையே! வாங்கித் தருவது அப்பா. விளம்பரம் பிள்ளையை ஆசைப்பட வைத்தால் போதும், மிச்சத்தைப் பிள்ளையின் அடம் பார்த்துக்கொள்ளும். விற்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

இந்தத் தீர்ப்புக்கு ஒரு மாதம் முன்புதான் இல்லினாய் மாநிலமும் இதேபோல ஒரு சட்டம் போட்டிருந்தது. எங்கள் அலுவலகத்தில் நிறம், அளவு, கார்ட்டூன் என்று சட்டத்திலிருந்து எடுத்துக் கேட்டுவந்த அந்தப் பழைய கேள்விகளை இனி விட்டுவிடலாமா என்று கூடிப் பேசினோம். அரசியல் சாசனத்தின் பேச்சுரிமை அரசைத்தான் கட்டுப்படுத்தும். ஒரு விளம்பரத்தை வேண்டாம் என்று சொல்ல தனியார் நிறுவனத்துக்கு உரிமை உண்டு. வேட்டைக்குப் போய் வளர்ந்த அந்த மூத்தவர் உட்பட யாரும் விட்டுவிடச் சொல்லவில்லை. அந்தக் கேள்விகள் இப்போது எங்கள் சொந்த விதிகளாக இருக்கின்றன.