துண்டு எங்கே இருக்கு?

"என் துண்டு எங்கே இருக்கு?"

அலமாரி முன்னால் நின்றுகொண்டு தம்பி கேட்டான். அடுப்படியிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்காமல் அவன் மனைவி சொன்னாள்: "ரெண்டாவது தட்டு, இடது பக்கம்."

கல்யாணத்துக்கு முன் ஆறு வருஷம் தனியாக இருந்தவன். சமையல், துவையல் எல்லாம் அவனேதான். நன்றாகவே செய்வான்.

இப்போது சோப்பு தீர்ந்தால்கூட அவன் கண்ணில் படுவதில்லை. அந்தக் கணக்கெல்லாம் அவள் தலையில். அவளும் வேலைக்குப் போகிறவள்தான்.

ஊதியமில்லாத வீட்டு, பராமரிப்பு வேலைகளுக்கு உலகளவில் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 4 மணி 25 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 1 மணி 23 நிமிடம் என்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2018 அறிக்கை.

அந்த "இடது பக்கம்" எந்த நிமிடத்தில் சேரும்?

நாளைக்கு அவனிடம் பேசப்போகிறேன். அக்கா சொன்னால் கேட்பான்.