நனைந்த பலகையை எப்போது இழைக்கலாம்?

விளிம்பு இரண்டும் தூக்கி நடுவில் குழிந்து நிற்கும் பலகையை, ஈரம் இறங்குவதற்கு முன்னால் இழைத்துவிட்டால் அதைத் திருப்பிச் சரிசெய்ய வழியே கிடையாது. பலகையின் அடிப்பக்கம் மேல்பக்கத்தைவிட அதிகமாக நனைந்திருக்கிறது. அதனால் அடி அகலமாகிறது, பலகை வளைகிறது. அடியும் காய்ந்த பிறகு பெரும்பாலான பலகைகள் தாமாகவே படிந்துவிடும். அதற்கு முன்பே மெஷினை விட்டு மட்டப்படுத்தினால் தூக்கி நின்ற விளிம்புகள் தேய்ந்துபோகும். ஒன்றிரண்டு மாதத்தில் காய்ந்ததும் விளிம்பு இறங்கி, நடு மேடாகிவிடும். அதையும் இழைத்தால் பலகையின் கனம் போய்விடும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது, தாமிரபரணி கரையோர ஊர்களுக்குள் வந்தது. அப்படி நனைந்த மரத்தளங்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஆற்று வெள்ளம்தான் வரவேண்டும் என்றில்லை. ஐப்பசி, கார்த்திகையில் ஓடு விலகி மச்சுக்குள் இறங்கும் ஒழுக்குக்கும், மாடித் தொட்டி நிரம்பி வழிந்து பலகைக்கடியில் தேங்கும் தண்ணீருக்கும் கணக்கு ஒன்றுதான்.

முதல் நாள் வேலை. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். பீரோ, கட்டில், பாய், கம்பளம் எல்லாவற்றையும் தளத்திலிருந்து எடுத்துவிடுங்கள். வண்டல் ஈரமாக இருக்கும்போதே நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தெடுங்கள். இடுக்கில் காய்ந்து இறுகிய வண்டல் பலகையைத் திரும்பச் சேரவிடாது. திசையன்விளை, உடன்குடி போன்ற கடலோரப் பக்கங்களில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதைத் தளத்தில் ஊற்றவே கூடாது. மரத்தில் தங்கிய உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

அடுத்து, சுவரோரப் பட்டிகளைக் கழற்றுங்கள். இரண்டு பக்கச் சுவரையும் ஒட்டியுள்ள பலகை வரிசையையும் எடுத்துவிடுங்கள். இதைத் தள்ளிப்போடக் கூடாது. மரத்தின் ஆண்டு வளையங்கள் படுக்கையாக ஓடும்படி அறுத்த தேக்குப் பலகை, ஈரம் ஒவ்வொரு சதவீதம் ஏறும்போதும் அகலத்தில் ஏறக்குறைய 0.19 சதவீதம் விரியும். 150 மி.மீ. பலகை 12 சதவீத ஈரத்திலிருந்து 20 சதவீதத்துக்குப் போனால் சுமார் 2.2 மி.மீ. கூடும். இருபது பலகை அகலமுள்ள பட்டாசலில் (வீட்டின் கூடத்தில்) அது நாலரை செ.மீ. அருகில் வந்துவிடும். விரிவதற்கு இடமில்லாவிட்டால் தளம் நடுவில் கூடாரமாக எழும்பும், ஆணியோடு பிடுங்கிக்கொள்ளும், சில வீடுகளில் சுவரையே தள்ளும்.

அளக்காமல் உலர்த்துவதில் பயனில்லை. ஊசி வைத்த மாய்ஸ்சர் மீட்டர் (மரத்தின் ஈரத்தைச் சதவீதத்தில் காட்டும் கருவி) ஒன்று கையில் இருக்க வேண்டும். பலகையின் மேலேயும், எடுத்த பலகை வரிசை வழியாகக் கையை நுழைத்து அடிப்பக்கத்திலும், அடியிலுள்ள குறுக்குக்கட்டையிலும் தனித்தனியாகக் குத்திப் பாருங்கள். குத்தும் இடத்தில் சாக்பீஸால் எண் போட்டு, அதே இடத்தையே வாரம் இருமுறை அளந்து நோட்டில் எழுதுங்கள். 30 சதவீதத்துக்கு மேல் மீட்டர் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். ‘தொப்பலாக நனைந்திருக்கிறது’ என்பதைத் தவிர அதில் வேறு செய்தி இல்லை. உப்பு ஏறிய மரத்தில் மீட்டர் கூட்டியே காட்டும். மீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு நல்ல வழி உண்டு: எடுத்த பலகைகளில் ஒன்றைத் தொங்கு தராசில் வாரம் ஒருமுறை நிறுங்கள். இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து எடை இறங்காமல் நின்றால், அந்த மரம் இருக்கும் இடத்துக் காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டது.

அந்தச் சமநிலைதான் ஈரப்பதமான ஊர்களில் எல்லோரும் தவறவிடும் விஷயம். 30 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் மரத்தின் ஈரம் சுமார் 11.5 சதவீதத்தில் நிற்கும். 80 சதவீதம் என்றால் 15.5க்கு மேல். 90 சதவீதம் என்றால் 20ஐத் தொடும். அதாவது கார்த்திகை மழையில் ஜன்னலைத் திறந்துவைத்து எத்தனை நாள் காத்திருந்தாலும், மரம் பூஞ்சைக்குப் பிடித்த ஈரத்திலேயே நிற்கும்.

அதற்காக வீட்டைப் பூட்டியும் வைக்கக் கூடாது. முதல் கட்டத்தில் வீட்டுக்குள் சுவரும் தளமும் சொட்டச் சொட்ட இருக்கும். உள்காற்று 27 டிகிரி, 90 சதவீத ஈரப்பதத்தில் இருந்தால் ஒரு கன மீட்டரில் 23 கிராம் நீராவி இருக்கிறது. மழை விட்ட மதியம் வெளியே 30 டிகிரி, 65 சதவீதம் என்றால் 20 கிராமுக்குள்தான். அப்போது எல்லாக் கதவையும் திறந்து, மின்விசிறியைத் தளத்தோடு படுக்கையாகக் காற்று ஓடும்படி வையுங்கள். சாயங்காலம் குளிர்ந்ததும் அடைத்துவிடுங்கள்.

இரண்டாம் கட்டம், காற்றிலிருந்து ஈரத்தைப் பிரித்தெடுக்கும் மெஷினான டீஹ்யூமிடிஃபையர் வந்த பிறகு. நம் ஊர் வெப்பத்தில் கம்ப்ரசர் வைத்த சாதாரண வகையே நன்றாக வேலை செய்யும். அது உள்காற்றை 55 சதவீதத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் கன மீட்டருக்கு 14 கிராம்தான் மிஞ்சும். இப்போது ஜன்னலைத் திறந்தால், 12 அடிக்கு 10 அடி அறையில் ஒரு முறை காற்று மாறினாலே 200 மில்லிக்குக் கொஞ்சம் குறைவான தண்ணீர் நீராவியாகத் திரும்ப உள்ளே வரும். இந்தக் கட்டத்தில் மதியமானாலும் திறக்கக் கூடாது. 50 சதவீதத்துக்குக் கீழே இறக்கவும் வேண்டாம். மேல்தோல் மட்டும் சுருங்கி வெடிக்கும். ஹீட்டர், ஹாலோஜன் விளக்கு எதுவும் வேண்டாம்.

எவ்வளவு தண்ணீர் வெளியேற வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 சதுர மீட்டர் தளம், 25 மி.மீ. தேக்கு: காய்ந்த எடை ஏறக்குறைய 180 கிலோ. ஈரம் 25இலிருந்து 12க்கு இறங்க, பலகையிலிருந்து மட்டும் 23 லிட்டர் போக வேண்டும். சுண்ணாம்புச் சுவரும் குறுக்குக்கட்டையும் குடித்தது தனி. டீஹ்யூமிடிஃபையர் வாளியில் விழும் தண்ணீரைத் தினமும் அளந்து எழுதினால் வேலை எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

மச்சு வீடுகளுக்கு வருவோம். கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் பக்கத்துப் பழைய வீடுகளில் உத்தரம், குறுக்குக்கட்டை, பலகை என்று மரம் அடுக்கி, சில வீடுகளில் அதன்மேல் செங்கலும் சுண்ணாம்புக் காரையும் போட்டுத் தளம் எடுத்திருப்பார்கள். ஓட்டு ஒழுக்கில் அந்தக் காரை நனைந்தால், ஈரத்தைப் பிடித்துவைத்துப் பலகைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருக்கும். மேலே காய்ந்து வெளுத்திருக்கும், கீழே பலகையில் மீட்டர் 24 காட்டும். இங்கே ஈரம் வெளியேறும் முக்கியமான வழி கீழ்ப்பக்கம்தான். அதை எனாமல் பெயிண்டாலோ, பால்ஸ் சீலிங்காலோ அடைத்திருந்தால் முதலில் அதைப் பிரியுங்கள். காரைக்கு மேல் டைல்ஸ் ஒட்டியிருந்தால் நனைந்த பகுதியில் அதையும் எடுக்கத்தான் வேண்டும். செலவுதான், ஆனால் எடுக்காவிட்டால் பலகை போகும்.

சுவருக்குள் செருகியிருக்கும் உத்தரத்தின் முனைதான் இந்த வீடுகளின் உயிர்நிலை. நடுப்பகுதி இரும்பாக இருக்கும், சுவருக்குள் ஒரு சாண் உளுத்துப்போயிருக்கும். குத்தூசியால் சுவரோரத்தில் குத்துங்கள். நல்ல மரத்தில் ஊசி நாலைந்து மி.மீ.கூட இறங்காது, எடுக்கும்போது சிம்பு நீளமாகப் பிய்யும். உளுத்ததில் வெண்ணெயாக இறங்கும், சிம்பு துண்டு துண்டாக ஒடியும். பனஞ்சட்டம் என்றால் கூடுதல் கவனம் வேண்டும்: வெளிக்கறுப்பு வைரமாக நின்று ஏமாற்றும், உள்ளே சோறு கரைந்திருக்கும். தட்டிப் பார்த்தால் ஓசை பொத்தென்று விழும். உத்தரத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு மெத்தென்று இருந்தால் அடியில் ஜாக்கி கொடுத்து நிறுத்திவிட்டு, கட்டட இன்ஜினியரை அழையுங்கள். அந்த ஓட்டையில் சிமெண்ட் வைத்து அடைப்பதுதான் நான் அதிகம் வெறுக்கும் வேலை. சிமெண்ட் ஈரத்தை மரத்தோடு சேர்த்துப் பூட்டிவிடும். கெட்ட முனையை வெட்டி வைரம் பாய்ந்த தேக்கில் துண்டு இணைத்து, முனையைச் சுற்றி 10 முதல் 15 மி.மீ. காற்றிடம் விட்டு, சுற்றிலும் சுண்ணாம்புச் சாந்தால் பூசுவதே சரி.

கழற்றிய பலகைகளை வெயிலில் போடாதீர்கள். தார்சாவிலோ (தாழ்வாரத்திலோ) கொட்டகையிலோ நிழலில் அடுக்குங்கள். 20 அல்லது 25 மி.மீ. ரீப்பர் துண்டுகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாக வைத்து, ஒவ்வொரு அடுக்கிலும் ரீப்பர் ஒன்றின்மேல் ஒன்று நேராக வரும்படி பாருங்கள். விலகினால் பலகை அலைபோல் வளையும். ஒவ்வொரு பலகையின் அடியிலும் எண் எழுதுங்கள். வெட்டுமுனைகளில் மெழுகு தடவினால் முனை வெடிக்காது. மேலே நாலைந்து ஹாலோ பிளாக் பாரம் ஏற்றுங்கள்.

பூஞ்சைக்குப் பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றுவது வழக்கமாகிவிட்டது. குளோரின் மேலே நிறத்தை வெளுக்கும், அதன் தண்ணீர் மரத்துக்குள் போகும், பூஞ்சை இரண்டு வாரத்தில் திரும்பும். முகத்தில் என்-95 மாஸ்க் போட்டு, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து, மரத்தை 20 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவாருங்கள். அந்த ஈரத்தில் மரத்தை உளுக்கவைக்கும் பூஞ்சைக்குப் பிழைப்பில்லை. ஸ்பிரிட் துடைக்கும்போது அடுப்பும் பீடியும் பக்கத்தில் கூடாது. கரையானுக்கும் பூஞ்சைக்கும் சேர்த்து, ஒரு லிட்டர் வெந்நீரில் 60 கிராம் போராக்ஸ், 40 கிராம் போரிக் அமிலம் கரைத்துப் பலகையின் அடியிலும் குறுக்குக்கட்டையிலும் இரண்டு கை அடிக்கலாம். இது தண்ணீரில் கரைந்து போகும் மருந்து; ஒழுக்கை நிறுத்தாமல் அடித்தால் அடுத்த மழையில் கழுவிக்கொண்டு போய்விடும்.

இரும்பு ஆணியைச் சுற்றித் தேக்கில் வரும் கருநீலக் கறை அழுகல் அல்ல. இரும்பும் மரத்தின் துவர்ப்புச் சத்தும் சேர்ந்த நிறம். லிட்டர் வெந்நீருக்கு 80 கிராம் ஆக்ஸாலிக் அமிலம் கரைத்துப் பூசி, அரை மணி கழித்து நல்ல தண்ணீரால் இருமுறை துடைத்தால் போகும். கையுறை போடுங்கள், இது விஷம்.

லேமினேட் தளம் என்றால் உலர்த்த முயல வேண்டாம். உள்ளே இருக்கும் அழுத்திய மரத்தூள் அட்டை ஒருமுறை ஊதினால் திரும்பாது. எடுத்து எறிந்துவிட்டு அடியிலுள்ள சிமெண்ட் தரையைக் காயவையுங்கள். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அடியில் வியர்த்தாலோ தரை கறுத்தாலோ இன்னும் ஈரம் இருக்கிறது.

திரும்பப் பதிக்கும் காலம். டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு மார்கழி முழுக்க டீஹ்யூமிடிஃபையரை நம்பித்தான் ஓட வேண்டும். தை பிற்பகுதியிலிருந்து காற்று வறண்டு உதவிக்கு வரும். மாசி, பங்குனி நல்ல காலம். ஆனி, ஆடியில் மேற்குத் தொடர்ச்சி மலைக் கணவாய் வழியாக வரும் காற்று பாளையங்கோட்டை, ராதாபுரம் பக்கம் மரத்தை நன்றாக வற்றவைத்துவிடும். அந்த மாதங்களில் இடைவெளி இல்லாமல் இறுக்கிப் பதித்தால் கார்த்திகையில் தளம் எழும்பும். தென்காசி, குற்றாலம் பக்கம் அதே மாதங்களில் சாரல். அங்கே கணக்கு தலைகீழ். பதிக்கும்போது பலகையின் ஈரம் 11, 12 சதவீதத்தில் இருக்க வேண்டும். பலகைக்கும் குறுக்குக்கட்டைக்கும் வித்தியாசம் 2 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. சுவரோரம் சுற்றிலும் 12 மி.மீ. இடம் விடுங்கள், ஓரப்பட்டியைச் சுவரில் மட்டும் அடியுங்கள்.

பதித்த பிறகும் இரண்டு வாரம் விட்டு, மீட்டர் மாறாமல் நின்றால் இழைக்கலாம். 60 எண் உப்புத்தாளில் தொடங்கி 80, பிறகு 120. மேலே பி.யு. (பாலியூரிதேன் வார்னிஷ்) பூசுவதானால் மச்சுத் தளத்தில் அடிப்பக்கத்தை மூடாமல் விடுங்கள். ஆளிவிதை எண்ணெய் தேய்ப்பவர்கள், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீர் வாளியில் அமுக்கி வைத்து, பிறகு வெளியே விரித்துக் காயவிட்டு அப்புறப்படுத்துங்கள்.