தண்டர் பேயில் ஒரு சம்பந்தம்

பழைய மாணவர் சங்கத்தின் மலர்க்குழுத் தம்பிமார் என்னிடம் எழுதக் கேட்டது பள்ளி விடுதி, பிரம்படி, பிக் மட்ச் கிரிக்கெட் பற்றி. அதையெல்லாம் போன மலர்களில் மற்றவர்கள் என்னைவிட நன்றாக எழுதிவிட்டார்கள். எங்கள் வகுப்பில் சிலர் செய்தும் இதுவரை எந்த மலரிலும் வராத ஒரு காரியம் இருக்கிறது: வேற்றினத்தில் கலியாணம். சங்கக் கூட்டங்களில் அந்தப் பேச்சு தேநீர் வேளையில் மட்டும்தான் வரும். 'சின்ன ஊரில் தனியாக மாட்டிக்கொண்டான், வேறு என்ன செய்வான்' என்பார் ஒருவர். 'ரொறன்ரோவில் வளர்ந்த பிள்ளை, அப்படித்தான் போகும்' என்பார் அடுத்தவர். சின்ன ஊரும் காரணம், பெரிய நகரமும் காரணம் என்றால் உண்மையில் எதுதான் காரணம்?

இந்த விஷயத்தில் என் முதல் பாடம் பள்ளியிலேயே நடந்தது. எழுபதுகளில் எங்களுக்குப் பௌதிகம் படிப்பித்த சேரின் மனைவி காலிப் பக்கத்துச் சிங்களப் பெண். பல்கலைக்கழகத்தில் பழகி மணந்தவர்கள். கொழும்பு வெள்ளவத்தையில் அவர்கள் குடியிருந்தபோது ஒருவரும் அவர்களைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்ததும் ஒழுங்கை முழுக்க அதுதான் கதை. மிஸிஸ் சந்தையில் என்ன வாங்கினா, கோயிலில் எப்படிக் கும்பிட்டா, பிள்ளைகளுடன் எந்த மொழியில் பேசினா என்றெல்லாம் நாங்கள் அறிந்திருந்தோம். விடுதிப் பெடியள் நாங்கள் சேருக்கு வைத்திருந்த பட்டத்தை இங்கே எழுத முடியாது.

அப்புறம் 1977 வந்தது. இனக்கலவரத்தில் தெற்கில் அடிபட்ட தமிழ்ச் சனம் கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கியது. ஊரில் கோபம் கொதித்தது. ஆனால் மிஸிஸின் படலையை ஒருவரும் தொடவில்லை. அத்தனை நாளும் அவரை உற்று உற்றுப் பார்த்த சனத்துக்கு அவரைத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். ஆறு வருடம் கழித்துக் கொழும்பில் நடந்ததோ வேறு. 1983 யூலையில் தமிழரின் வீடு தேடி வந்த காடையரின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. பக்கத்து வீட்டில் இருப்பவர் யார் என்று தெரியாத நகரத்தில் ஆளை அடையாளம் காணப் பட்டியல் தேவைப்பட்டது. நகரம் என்றால் பரந்த மனம், ஊர் என்றால் குறுகிய மனம் என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே இதுதான் நினைவுக்கு வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மருதனார்மடத்தில் 1913இல் பெண்களுக்கு இராமநாதன் கல்லூரி கட்டிய சேர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி லீலாவதி அம்மையார் ஆஸ்திரேலியப் பெண்மணி. 1930இல் கணவர் காலமான பிறகும் அந்தக் கல்லூரியைக் கட்டிக்காத்தவர் அவர். எங்கள் பாட்டிமார் 'லேடி இராமநாதன்' என்று சொல்லும்போது குரலில் மரியாதை வழியும். பௌதிக சேரின் மனைவிக்கு அதில் பாதிகூடக் கிடைக்கவில்லை. யாழ்ப்பாணம் கலப்பு மணத்தை ஏற்குமா என்று மொத்தமாகக் கேட்பது வீண் வேலை. எந்த இனம், எந்த அந்தஸ்து என்று பார்த்துத்தான் எங்கள் சனம் முகத்தை மாற்றும்.

1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் 155 தமிழர்கள் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த செய்தி உங்களுக்கு நினைவிருக்கும். சென் ஷாட்ஸ் என்ற சின்னஞ்சிறு ஊருக்கு அப்பால் கடலில் அவர்களைக் காப்பாற்றியவர்கள் கஸ் டால்டன் என்ற மீனவரும் அவருடன் நின்ற மீனவர்களும். வந்தவர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள் என்று நாடு முழுவதும் பிறகு வாதாடியது. கடலில் நின்ற மீனவர்கள் கேள்வி கேட்காமல் ஆட்களை ஏற்றினார்கள். நான் கனடா வந்தது அதற்கு அடுத்த வருடம். ரொறன்ரோவில் வேலை கிடைக்காமல், வகுப்புத் தோழன் ஒருவன் கூப்பிட்டான் என்று தண்டர் பேக்குப் போனேன். ரொறன்ரோவிலிருந்து சுமார் 1400 கிலோமீட்டர், சுப்பீரியர் ஏரிக்கரை, ஒரு லட்சம் சனம். அந்தச் சனத்துக்குள் தமிழர் என்று எண்ணினால் ஒரு காரில் ஏற்றிவிடலாம்.

வெள்ளைக்காரப் பெண்களைப் பற்றி நாங்கள் கொண்டுவந்த அறிவு, விடுதிக் காலத்தில் களவாகப் பார்த்த ஆங்கிலப் படங்களின் அறிவு. 'எல்லாம் சுலபம்' என்பது அதன் சாரம். அது இனவெறியின் ஒரு வகை என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மற்றப் பக்கத்திலும் அதேபோல ஒன்று இருந்தது. நடன மண்டபத்தில் ஒரு பெண் வந்து 'நீ எந்த நாடு' என்று ஆசையாகக் கேட்டால் முதல் தடவை தலைகால் தெரியாது. பிறகு ஒருநாள் விளங்கும், அவளுக்குப் பிடித்தது தூர தேசம், ஆளை அவள் இன்னும் பார்க்கவே இல்லை என்று.

என் தோழன் விஷயத்தில் நடந்தது அப்படி இல்லை. அவனும் அந்தப் பெண்ணும் ஒரே மருத்துவமனையில் இரவு வேலை. குளிர்காலம் முழுவதும் அவன் கார் கிளம்பாது, அவள் கார் கிளம்பும். பேச்சு அப்படித்தான் வளர்ந்தது. அவள் பின்லாந்து வழிவந்தவள். தண்டர் பேயில் அந்தச் சமூகம் பெரியது. 1910இல் அவர்கள் கட்டிய தொழிலாளர் மண்டபம் ஊரின் அடையாளமாகவே இருந்தது. முதலாம் உலகப்போர் முடியும் தறுவாயில், 1918இல், கனடா அரசு பின்லாந்து மொழிப் பத்திரிகைகளுக்கும் தடை போட்டது. அவளுடைய தகப்பனார் அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர். 'எங்களையும் ஒரு காலத்தில் இவர்கள் சரியான வெள்ளையாக எடுக்கவில்லை' என்பார். மருமகனிடம் அவர் கேட்ட ஒரே கேள்வி, சவுனா என்ற அவர்களின் வெந்நீராவிக் குளியலறையில் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பாய் என்பது.

சங்கடம் வந்தது எங்கள் பக்கத்தில்தான். ஊருக்குத் தொலைபேசி எடுத்து விஷயத்தைச் சொன்னபோது தாயார் அழவில்லை, ஏசவுமில்லை. 'அவையள் என்ன ஆக்கள்?' என்று மட்டும் கேட்டா. 'மச்சான், லூத்தரன் என்று சொன்னேன். அம்மா அதைச் சாதி என்று எடுத்துக்கொண்டா, நான் திருத்தவில்லை' என்றான் தோழன். அந்தக் கலியாணம் நடந்ததற்கு, அந்தக் கிறிஸ்தவ சபைக்குப் பெயர் கொடுத்த லூத்தரும் ஒரு காரணம்.

ஆனால் அதே மாமனார், அதே சவுனாவில் இருந்துகொண்டு, பக்கத்தில் இருக்கும் ஒஜிப்வே பூர்வகுடி மக்களைப் பற்றிப் பேசிய பேச்சைக் கேட்டால் காது கூசும். தமிழ் மருமகன் பரவாயில்லை, பூர்வகுடி மருமகன் என்றால் வீட்டில் பூகம்பம். எங்கள் மூன்று நான்கு பேரால் ஊரில் ஒருவருக்கும் எந்தப் பயமும் இல்லை. பூர்வகுடிகளுடன் அவர்களுக்கு நிலம், வரலாறு, குற்றவுணர்வு என்று எல்லாம் இருந்தது. கனடாவில் கலப்பு மணத்தைத் தடுக்க அமெரிக்காவில் இருந்தது போன்ற சட்டம் இருந்ததில்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் பூர்வகுடி என்ற சட்ட அந்தஸ்து உள்ள பெண் ஒருத்தி, அந்த அந்தஸ்து இல்லாத ஒருவரை மணந்தால், பூர்வகுடிகளுக்கான 'இந்தியன் சட்ட'த்தின்படி 1985 வரை தன் அந்தஸ்தை இழந்தாள். பூர்வகுடி ஆணை மணந்த வெள்ளைக்காரிக்கோ அது கிடைத்தது. சாண்ட்ரா லவ்லேஸ் என்ற பெண் ஐ.நா. மனித உரிமைக் குழு வரை போய் 1981இல் தனக்குச் சாதகமான முடிவைப் பெற்ற பிறகுதான் ஒட்டாவா அசைந்தது.

இன்று ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் பணக்காரப் புறநகராக இருக்கும் ஓக்வில் 1930இல் சின்ன ஊர். அந்த வருடம் பெப்ரவரி 28 இரவு, முகமூடி போட்ட சுமார் 75 கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி இயக்கத்து ஆட்கள் அங்கே வந்து தெருவில் சிலுவையைக் கொளுத்தினார்கள். ஐரா ஜோன்சன் என்ற, கறுப்பர் என்று கருதப்பட்ட இளைஞரிடமிருந்து இசபெல் ஜோன்ஸ் என்ற வெள்ளைப் பெண்ணைப் பிரித்துக் கொண்டுபோனார்கள். வந்தவர்கள் ஹமில்டன் நகரத்து ஆட்கள். வழக்குப் போடு என்று குரல் எழுப்பியவர்கள் ரொறன்ரோ நகரத்துக் கறுப்பினத்தவரும் யூதரும். கடைசியில் ஒருவருக்கு மட்டும் 50 டொலர் தண்டம், மேல்முறையீட்டில் அது மூன்று மாதச் சிறையானது. அந்த இருவரும் சில வாரங்களில் கலியாணம் செய்துகொண்டார்கள். வன்முறையும் நகரத்திலிருந்து வந்தது, நியாயம் கேட்ட குரலும் நகரத்திலிருந்து வந்தது. நகரத்தில் எல்லாவற்றுக்கும் கூட்டம் சேரும்.

தண்டர் பேயை விட்டு நான் ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதிக்கு வந்தபோது மூச்சு விட்டேன். தெருவில் என்னை ஒருவரும் பார்க்கவில்லை. ஆனால் தமிழ்க் கடை, தமிழ் மருத்துவர், தமிழ்க் கோயில், கொண்டாட்ட மண்டபம் என்று சுற்றிவர, வெள்ளையரின் கண் போய் எங்கள் சனத்தின் கண் வந்துவிட்டது. தண்டர் பேயில் என் தோழனும் அவளும் கைகோத்து நடந்தால் பார்த்தவர்கள் வெள்ளையர்கள். அவர்கள் போய் யாருடைய பெற்றோருக்கும் சொல்லப்போவதில்லை. ஸ்காபரோவில் பேருந்துத் தரிப்பில் ஒரு பிள்ளை வேற்றினப் பையனுடன் நின்றால், அவள் வீடு வந்து சேர முன்னர் செய்தி வந்துவிடும்.

கணக்கும் இதற்கு ஒத்துத்தான் வருகிறது. 2011 கணக்கெடுப்பில் கனடாத் தம்பதிகளில் 4.6 சதவீதம் கலப்புத் தம்பதிகள். வான்கூவரில் 9.6, ரொறன்ரோவில் 8.2. அப்படியானால் நகரம்தான் கலக்கிறது என்று தோன்றும். ஆனால் யாருக்குள் என்று பாருங்கள். ஜப்பானியர் இருக்கும் தம்பதிகளில் 78.7 சதவீதம் கலப்பு. தெற்காசியர் இருக்கும் தம்பதிகளில் 13 சதவீதம்தான், எல்லாரிலும் குறைவு. ஜப்பானியரை அரசாங்கம் இரண்டாம் உலகப்போரில் முகாம்களில் அடைத்து, பிறகு ஒன்றாகக் குடியிருக்க விடாமல் நாடு முழுவதும் சிதறடித்தது. நாங்களோ நகரங்களில் குவிந்தோம், பேச்சுக்கால் வைக்கத் தரகருக்குக் குறைவில்லை. மனம் எவ்வளவு விரிந்தது என்பதைவிட, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் பல வேளைகளில் கலியாணத்தைத் தீர்மானிக்கிறது. எங்கள் வகுப்பில் வேற்றினத்தில் மணந்தவர்கள் அதிகம் துணிந்தவர்கள் அல்லர். வேலை தேடித் தூரம் போனவர்கள்.

ஆனால் குவிந்தும் சிதறியும் மாறாத ஒன்றை எழுதாவிட்டால் இந்தக் கட்டுரை பொய். மகள் வெள்ளைக்காரனைக் கொண்டுவந்தால் எங்கள் ஆட்கள் இரண்டு வருடத்தில் 'தங்கமான பெடியன், தோசைகூடச் சாப்பிடுவான்' என்று சமாதானமாகிவிடுகிறார்கள். கறுப்பினப் பையனைக் கொண்டுவந்தால் சமாதானம் அவ்வளவு சுலபமாக வருவதில்லை. 'கறுவல்' என்ற சொல் எங்கள் வரவேற்பறைகளில் எவ்வளவு சாதாரணமாகப் புழங்குகிறது என்று உங்களுக்கே தெரியும். எங்கள் வகுப்பு மாணவர் ஒருவரின் மகள் ஜமெய்க்கா வழிவந்த ஒரு மருத்துவத் தாதியை மணந்தபோது, அழைப்பு வாங்கிய பழைய மாணவர்களில் பாதிப்பேருக்கு அன்றைக்கென்று முழங்கால் வலி. போன நாங்கள் நன்றாகச் சாப்பிட்டோம். மாப்பிள்ளையின் பாட்டி என்னிடம் வந்து, எங்கள் குடும்பத்தில் சிலர் தமிழ்ப்பெண் என்றதும் வரவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். எங்கள் பக்கத்து முழங்கால் வலிகளைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

கடைசியாக, செயற்குழுவுக்கு ஒரு விண்ணப்பம். நமது அங்கத்தவர் படிவத்தில் 'மனைவியின் சொந்த ஊர், படித்த பாடசாலை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. என் தோழன் ஒவ்வொரு வருடமும் அதில் தண்டர் பே என்றும், அவள் படித்த பள்ளியின் பெயரையும் ஒழுங்காக நிரப்பி அனுப்புகிறான். ஒவ்வொரு வருடமும் விபரக்கொத்தில் அந்த இடம் வெறுமையாக அச்சாகி வருகிறது. தட்டச்சுத் தவறு என்று போன பொருளாளர் சொன்னார். இந்த முறை அச்சுக்குப் போகுமுன் பிரதியை என்னிடம் அனுப்புங்கள், நானே ஒருதரம் பார்த்துத் தருகிறேன்.