ஓதம் ஏறும் நேரத்தில் சுங்கை பூலோ

சிங்கப்பூரின் வடமேற்கு மூலையில் இருக்கும் சுங்கை பூலோ ஈரநிலத்துக்கு முதன்முறை சென்றபோது, காலைநடைக்குப் போவதுபோல் விடிந்ததும் கிளம்பிப்போய்க் குளக்கரை முழுவதையும் சுற்றினேன். நான்கைந்து கொக்குகளும் ஒரு சாம்பல் நாரையும் மட்டுமே கண்ணில் பட்டன. பறவை பார்க்கும் குடிலில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவரிடம் கேட்டேன். "கடல் வத்திக் கிடக்குது தம்பி, எல்லாம் வெளியில சேத்துல மேயப் போயிருக்கும். தண்ணி ஏறுற நேரம் பார்த்து வாங்க" என்றார்.

ஆகவே இந்த ஜனவரியில் ஓத அட்டவணையை, அதாவது கடல்நீர் ஏறி வற்றும் நேரங்களின் பட்டியலைப் பார்த்து, முற்பகல் பத்து மணியளவில் நீர் உச்சத்தைத் தொடும் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, கிராஞ்சி ரயில் நிலையத்திலிருந்து 925ஆம் எண் பேருந்தில் எட்டு மணிக்கெல்லாம் போய்ச் சேர்ந்தேன். வலசைப் பறவைத் தடம் எனப்படும் நடைபாதை ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுற்று. மேடு பள்ளம் கிடையாது. முதியோரும் சிறுவரும் சிரமமின்றி நடக்கலாம். அனுமதிக் கட்டணமும் இல்லை.

அந்தப் பாதை, பழைய இறால் குளங்களின் கரைமீதுதான் செல்கிறது. இன்று 202 ஹெக்டேர் பரப்புள்ள இந்தக் காப்பகத்தின் நடுப்பகுதி ஒருகாலத்தில் இறாலும் மீனும் வளர்த்த பண்ணைகளாக இருந்தது. ஓதம் ஏறும்போது மதகைத் திறந்து, கடல்நீரோடு வரும் இறால் குஞ்சுகளைக் குளத்துக்குள் விடுவார்கள். வற்றும்போது மதகின் வாயில் வலை கட்டி, வெளியேறும் நீரிலிருந்து வளர்ந்த இறாலைப் பிடிப்பார்கள். தஞ்சைப் பக்கத்து வாய்க்கால் மதகுகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இங்கே கண்டல் மரங்களுக்கு நடுவே ஒரு மதகைக் கண்டதும் கால்கள் தாமாக நின்றுவிட்டன. இப்போது அந்த மதகுகள் பறவைகளுக்காக இயங்குகின்றன. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் இடையிலுள்ள ஜொகூர் நீரிணையின் சேற்றுத்திட்டுகள் கடலில் மூழ்கும் வேளையில், இக்குளங்களின் நீர்மட்டத்தைத் தாழ்வாக வைத்திருப்பதால், நிற்க இடமின்றித் தவிக்கும் பறவைகளுக்கு உள்ளே காலூன்றச் சேறு கிடைக்கிறது.

ஒன்பது மணிக்குப் பிறகு அதைக் கண்ணாலேயே கண்டேன். முதலில் சிவந்த கால்களுடைய உள்ளான்கள் ஏழெட்டு, நீரிணைப் பக்கமிருந்து மரங்களைத் தாண்டி வந்து இறங்கின. அடுத்து, கோட்டான் என்றே பெயர் கொண்ட, ஆனால் ஆந்தையல்லாத, வளைந்த நீண்ட அலகுடைய கரைப்பறவைகள். பின்னர் முதுகில் பொன்துகள் தூவியதுபோன்ற உப்புக்கொத்திகள் கூட்டமாக வந்து ஒரே திசையை நோக்கி நின்றன; சற்றுமுன் வெறிச்சோடிக் கிடந்த சேற்றுமேடு அரைமணி நேரத்தில் நிறைந்துவிட்டது. சைபீரியா முதலான வடதிசை நிலங்களில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, வாடைக்காலத்தைக் கழிக்க இத்தனை தொலைவு பறந்துவரும் உயிர்கள் இவை. ஒற்றைக் காலில் நின்றபடி அலகை முதுகுச் சிறகில் செருகிக்கொண்டு அவை உறங்குவதைக் குடிலின் பலகை இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அருகில் இருந்த பள்ளிச் சிறுவர்கள்கூடத் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

இந்த இடம் தப்பிப் பிழைத்ததற்குப் பறவை ஆர்வலர்களே காரணம். மலாயா இயற்கைச் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளையைச் சேர்ந்தவர்கள் 1986இல் இங்குள்ள பறவைச் செல்வத்தைக் கண்டு, இதைக் காக்க வேண்டுமென்று அரசிடம் முன்மொழிந்தார்கள். அதன் பயனாக 87 ஹெக்டேர் இயற்கைப் பூங்காவாக ஒதுக்கப்பட்டு, 1993 டிசம்பர் 6 அன்று அன்றைய பிரதமர் கோ சோக் தோங் அதைத் திறந்துவைத்தார். 2002இல் சட்டப்படி இயற்கைக் காப்பகமாயிற்று. நிலம் இவ்வளவு அரிதான ஒரு நாட்டில் கைவிடப்பட்ட இறால் குளங்களுக்காகப் பேசத் துணிந்தவர்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

திரும்பும் வழியில் பாலத்தின்மேல் நெடுநேரம் நின்றேன். கீழே, மரக்கட்டை மிதப்பதுபோல் ஓர் உவர்நீர் முதலை அசைவின்றிக் கிடந்தது. நீர் வற்றத் தொடங்கியிருந்த விளிம்பில், சேற்றின்மேல் துடுப்புகளை ஊன்றித் துள்ளும் மீன்கள் வளையிலிருந்து வெளிப்பட்டன. சுரபுன்னையின் தாங்குவேர்களுக்கிடையே உடும்பு ஒன்று நாக்கை நீட்டி மோந்தபடி நகர்ந்தது. பதினொன்றரை மணி இருக்கும். தலைக்கு மேலே உள்ளான்களின் கூவல் கேட்டு நிமிர்ந்தேன். குளத்திலிருந்து எழுந்த முதல் கூட்டம், வெளியே தலைகாட்டத் தொடங்கிய சேற்றுத்திட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.